கோட்டைன்னு போனா குழிதான் இருக்கு

இங்கிலாந்துல மலைக்கோட்டை பாக்கப் போறேன்னு சொன்னா நம்ம ஆளுங்க கேக்கற முதல் கேள்வி, "மேல என்ன இருக்கு?" புல்லு இருக்கு. ஆடு இருக்கு. காத்து இருக்கு, அதுவும் ஜாக்கெட் ஜிப்பை மூக்கு வரைக்கும் இழுத்து விட வைக்கற காத்து. சுவர் இல்ல, கோபுரம் இல்ல, பீரங்கி இல்ல, செல்ஃபி எடுத்துப் போட்டா "என்னடா ஏதோ ஏரிக்கரை மாதிரி இருக்கு"ன்னு கமெண்ட் வரும். அப்படியும் லீவு கிடைச்சா வண்டியை எடுத்துட்டு இந்த மாதிரி ஒரு மேட்டுக்குத்தான் கிளம்பறேன், வீட்ல இருக்கறவங்க கேக்கறதையே நிறுத்திட்டாங்க.

எதைப் பத்திப் பேசறேன்னு சொல்லிடறேன். ரோமானியர் இந்தத் தீவுக்கு வர்றதுக்கு முன்னாடி, இரும்புக்காலத்துல, அதாவது இன்னிக்கு இருந்து சுமார் 2000ல இருந்து 2800 வருஷத்துக்குள்ள, மக்கள் ஒரு மேட்டையோ மலை உச்சியையோ தேர்ந்தெடுத்து அதைச் சுத்தி அகழி வெட்டினாங்க, வெட்டின மண்ணை உள்பக்கமா கொட்டிக் கரை ஆக்கினாங்க, சில இடத்துல கரைக்கு மேல மரவேலி, சில இடத்துல ரெண்டு மூணு வரிசை அகழி. அவ்வளவுதான் அமைப்பு. தெற்கு இங்கிலாந்துல பல இடத்துல மேல ஒரு அடி மண்ணைச் சுரண்டினா கீழ வெள்ளை சுண்ணாம்புப் பாறை, அதனால புதுசா கட்டினப்போ அந்தக் கரைங்க பச்சை இல்ல, பளீர்னு வெள்ளையா இருந்திருக்கும், பல மைல் தள்ளி நின்னா கூட கண்ணுல அடிச்சிருக்கும். இப்ப நாம பாக்கற சாதுவான பச்சைப் புல்லு மேடு, கட்டினவங்க பாத்த காட்சியே இல்ல.

எத்தனை இருக்குன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரா, அயர்லாந்துல கார்க், இந்த மூணு யுனிவர்சிட்டியும் சேந்து 2017ல ஒரு ஆன்லைன் அட்லஸ் போட்டாங்க. பிரிட்டன், அயர்லாந்து, ஐல் ஆஃப் மேன் எல்லாம் சேத்து 4,147 இடம். ஸ்காட்லாந்துல மட்டும் 1,694, இங்கிலாந்துல 1,224, வேல்ஸ்ல 535. மேப்பைத் திறந்து உங்க வீட்டு பின்கோடு பக்கம் ஸூம் பண்ணிப் பாருங்க, டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டுக்குப் போற வழியில தெனம் பாக்கற மரத்தோப்பு ஒண்ணு 2500 வருஷக் கோட்டையா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. எனக்கு நேரம் போறதே தெரியாம ராத்திரி பூரா உக்காந்து பாக்க வச்ச வெப்சைட் அது ஒண்ணுதான்.

பெரிய கோட்டையில இருந்து ஆரம்பிப்போம். டார்செட்ல டார்செஸ்டர் ஊருக்கு வெளிய மெய்டன் காசில். உள்பரப்பு மட்டும் 47 ஏக்கர், ஐரோப்பாவுலயே பெரிய மலைக்கோட்டைகள்ல ஒண்ணு. முதல்ல கிமு 600 வாக்குல கிழக்குப் பக்கம் சின்னதா கட்டினாங்க, அப்புறம் ஒரு நூத்தைம்பது வருஷம் கழிச்சு மூணு மடங்கா இழுத்து விட்டாங்க, அப்புறம் கரைக்கு மேல கரை ஏத்திக்கிட்டே போனாங்க. அதுக்கும் முன்னாடி, கிமு 3500 வாக்குலயே, அதே மேட்டுல புதிய கற்காலத்து ஆளுங்க அகழி வெட்டியிருக்காங்க, அதனால இரும்புக்காலத்துக்காரனுக்கே அது பழைய இடம். மேற்கு வாசல் வழியா உள்ள போய்ப் பாருங்க. நேரா போகவே முடியாது. ஒரு கரை குறுக்க வரும், இடது பக்கம் திரும்புவீங்க, இன்னொரு கரை, வலது பக்கம், ரெண்டு பக்கமும் தலைக்கு மேல மண்ணு, மேல இருந்து யாராவது பாத்துட்டே இருந்தா நமக்குத் தெரியாது ஆனா அவங்களுக்கு நாம எப்பவும் தெரிவோம். நான் போனப்போ மேல நின்னது ஒரு செம்மறி ஆடு. அது பாத்த பார்வைக்கே வழி மாத்திப் போயிடலாமான்னு இருந்துச்சு.

இந்தக் கோட்டையை உலகத்துக்கே பிரபலமாக்கினவர் மார்ட்டிமர் வீலர்னு ஒரு தொல்லியலாளர். 1934ல இருந்து 1937 வரைக்கும், மனைவி டெஸ்ஸாவோட சேந்து தோண்டினார், டெஸ்ஸா 1936லயே இறந்துட்டாங்க, தோண்டற வேலையை நடத்தினதுல அவங்களுக்குப் பெரிய பங்குன்னு இப்பதான் எல்லாரும் ஒழுங்கா எழுதறாங்க. வீலர் ஆளு ஷோமேன். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டார், பொதுமக்களைச் சுத்திக் காட்டினார், அங்க கிடைச்ச கவண்கல்லை வர்றவங்களுக்குச் சில்லறைக்கு வித்தே நிதி சேத்தார். கவண்கல் நிறைய கிடைச்சதுல ஆச்சரியம் இல்ல, செசில் கடற்கரையில இருந்து பொறுக்கிட்டு வந்த வழவழ கூழாங்கல்லு, கிழக்கு வாசல் பக்கம் ஒரே இடத்துல 20,000க்கும் மேல குவிச்சு வச்சிருந்தாங்க.

அந்தக் கிழக்கு வாசல்லதான் எலும்புக்கூடுங்க. தலையில வெட்டு, முதுகெலும்புல குத்தி நிக்கற இரும்பு முனை. வீலர் உடனே கதையைக் கட்டிட்டார்: கிபி 43, வெஸ்பாசியன் தலைமையில ரோமப்படை வருது, எந்திர வில்லுல அம்பு மழை, வாசல் குடிசைங்க எரியுது, படுகொலை, தப்பிச்சவங்க ராத்திரி வந்து அவசர அவசரமா புதைக்கறாங்க. படிச்சா சினிமா. 1943ல வந்த அவரோட ரிப்போர்ட்ல அந்தப் பக்கங்களை இன்னிக்குப் படிச்சாலும் நமக்குப் பரபரன்னு இருக்கும். பாடப்புத்தகம், மியூசியம் போர்டு, டிவி எல்லாத்துலயும் பல வருஷம் அதே கதைதான் ஓடிச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன், ஏன்னா இந்த ஆளை நமக்கு ஏற்கனவே தெரியும். 1944ல இந்தியத் தொல்லியல் துறைக்கு டைரக்டர் ஜெனரலா வந்தவர் இதே வீலர்தான். மறுவருஷம், 1945ல, புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டினார். கட்டம் கட்டமா குழி போட்டு நடுவுல மண் வரப்பை விட்டு வச்சு, அந்த வரப்போட பக்கவாட்டுல மண் அடுக்கைப் படிக்கற முறை இருக்கு பாருங்க, கீழடி போட்டோல நாம பாக்கற அதே சதுரக் குழிங்க, அந்த முறையை அவர் நல்லா பழக்கிக்கிட்டது மெய்டன் காசில்ல. டார்செட் ஆட்டு மேட்டுக்கும் வைகைக் கரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு அலைஞ்சேன், கேக்க ஆளில்ல.

ஆனா எனக்கு அதை விட சுவாரஸ்யமா படறது வேற. ரெண்டு இடத்துலயும் வீலர் கதைக்கு ஹீரோவா ரோமானியனைத்தான் போட்டார். மெய்டன் காசில்ல ரோமானியன் வந்து அழிச்சான், அரிக்கமேட்டுல ரோமானியனோட வியாபாரம் வந்து ஊர் உருவாச்சு. ரெண்டு இடத்துலயும் பின்னாடி வந்தவங்க பொறுமையா தோண்டி அந்த ரோமானியனைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தி உக்கார வச்சாங்க. அரிக்கமேட்டுல 1989ல இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு தோண்டினப்போ, ரோமானிய ஜாடிங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க உள்ளூர் ஊர் இருந்திருக்கு, ரோமானியர் போன பின்னாடியும் ஆளுங்க இருந்திருக்காங்கன்னு தெரிஞ்சது. மெய்டன் காசில்ல 1985-86ல நயல் ஷார்ப்பிள்ஸ் தோண்டினப்போவே சந்தேகம் வந்துருச்சு, புதைச்ச விதம் அவசரப் புதைப்பு மாதிரி இல்ல, பானை, சாப்பாடெல்லாம் வச்சு முறையா அடக்கம் பண்ணியிருக்காங்க. 2025ல போர்ன்மத் யுனிவர்சிட்டி ஆளுங்க அந்த எலும்புகளுக்குப் புதுசா கார்பன் தேதி பாத்து வெளியிட்டாங்க. எல்லாரும் ஒரே நாள்ல சாகல. கிமு முதல் நூற்றாண்டோட கடைசியில இருந்து கிபி முதல் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும், தலைமுறை தலைமுறையா, பல தடவையா செத்தவங்க. அந்த முதுகெலும்பு முனை கூட எந்திர அம்பு இல்ல, ஈட்டி முனையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்ங்கறாங்க. அதாவது வெட்டினதும் குத்தினதும் பெரும்பாலும் உள்ளூர்க்காரங்க. பங்காளிச் சண்டைன்னு வச்சுக்கோங்களேன்.

அப்போ ரோமானியன் எந்தக் கோட்டையையும் அடிக்கலையான்னு கேட்டா, அடிச்சான். அதே டார்செட்ல ஹாட் ஹில்லுனு ஒரு கோட்டை. அங்க 1950கள்ல தோண்டினப்போ ஒரு பெரிய வட்ட வீட்டைச் சுத்தி மட்டும் எந்திர வில்லோட இரும்பு முனைங்க குவிஞ்சு கிடந்துச்சு, தலைவன் வீடு இதுதான்னு குறி வச்சு அடிச்ச மாதிரி. அப்புறம் அதே கோட்டையோட ஒரு மூலையில ரோமானியர் தங்களோட முகாமைக் கட்டிக்கிட்டாங்க. போய் நின்னா வித்தியாசம் அப்படியே தெரியும், பழைய கரை மலையோட வளைவுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு போகும், ரோமானியன் கரை ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா போகும்.

சண்டைக் கதை போதும். என் மனசுக்குப் பிடிச்ச கோட்டை ஹாம்ப்ஷயர்ல இருக்கற டேன்பரி, அங்க போனாதான் இந்த மலைக்கோட்டைங்க எதுக்குன்னே எனக்குப் புரிஞ்சது. பாக்கறதுக்குச் சின்னது, சுமார் 5 ஹெக்டேர். மேல நட்டிருந்த பீச் மரங்களுக்கு நோய் வந்து வெட்ட வேண்டிய நிலைமை, வெட்டறதுக்கு முன்னாடி கீழ என்ன இருக்குன்னு பாத்துடலாம்னு 1969ல பேரி கன்லிஃப் தோண்ட ஆரம்பிச்சார். நிறுத்தினது 1988ல. இருபது சீசன்! உள்பரப்புல பாதிக்கு மேல தோண்டிப் பாத்துட்டாங்க, இந்த நாட்டுல ரொம்ப முழுசா தோண்டின மலைக்கோட்டைகள்ல இது ஒண்ணு. கிடைச்சது என்ன? சிம்மாசனமா? 70க்கு மேல வட்ட வீட்டுத் தடம், நாலு கால் நட்டு மேல பரண் மாதிரி கட்டின சுமார் 500 கட்டடத்தோட குழித்தடம், அப்புறம் 2,000க்கும் மேல குழி. சுண்ணாம்புப் பாறையில வெட்டின குழி, வாய் குறுகலா அடி அகலமா, ஆளு உயரத்துக்கு, சிலது அதுக்கும் மேல.

எங்க அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தப்போ டேன்பரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டு மனுஷன், கம்பும் சோளமும் பருத்தியும் போட்டவர். மேல ஏறி நின்னு நாலு பக்கமும் பாத்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏல, இம்புட்டுப் பேரு இங்கன இருந்தா தண்ணிக்கு எங்க போனானுவ?"

எனக்கு அந்தக் கேள்வி அதுவரைக்கும் தோணினதே இல்ல. மேல சுனை இல்ல, கிணறு இல்ல, சுண்ணாம்புப் பாறையில மழைத் தண்ணி நிக்காது, நேரா உள்ள இறங்கிடும். கீழ ஓடை வரைக்கும் இறங்கித்தான் எடுத்திருக்கணும்னு சொன்னேன்.

"அப்போ வெளியாளு நாலு நா சுத்தி நின்னா சோலி முடிஞ்சுது. இதுக்குள்ள போயி எவனாவது ஒளிவானா?" அப்படின்னுட்டு மேல நடக்க ஆரம்பிச்சிட்டார்.

அவர் சொன்னது ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா போட்டுட்டு இருக்கற சண்டைதான். மாசக்கணக்குல முற்றுகையைத் தாங்கற இடமா இதைக் கட்டியிருக்க முடியாது. திடீர்னு நாலு பேர் மாடு பிடிக்க வந்தா உள்ள ஓடி வாசலைச் சாத்திக்கலாம், சரி. அதுக்கு மேல? அடுத்து குழியோட படம் போட்ட போர்டு முன்னாடி நின்னார். படத்துல குழி பக்கவாட்டுல வெட்டின மாதிரி காட்டியிருந்தாங்க.

"இது குலுக்கைல்ல. நம்மது தரைக்கு மேல நிக்கும், இவனுவ தரைக்குள்ள எறக்கிட்டானுவ."

"ஆமாப்பா, விதை தானியம் போட்டு வச்சிருக்காங்க."

"ஈரம் வாங்காது? பூச்சி விழாது? வேப்பிலைக்கு எங்க போவான் இவன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்னு ரொம்பப் பெருமையா சொன்னேன். அதே ஹாம்ப்ஷயர்ல பட்சர் ஃபார்ம்னு ஒரு இடம், 1970கள்ல பீட்டர் ரெனால்ட்ஸ்னு ஒருத்தர் இதை நிஜமாவே செஞ்சு பாத்தார். சுண்ணாம்புப் பாறையில அதே மாதிரி குழி வெட்டி, தானியத்தைக் கொட்டி, மேல களிமண் போட்டுப் பூசி, காத்துப் போகாம அடைச்சார். ஓரத்துல ஈரச் சுவரைத் தொட்டுட்டு இருக்கற தானியம் மட்டும் கொஞ்சம் முளை விடும். முளை விடும்போது உள்ள இருக்கற ஆக்ஸிஜனைத் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடை விடும். ஆக்ஸிஜன் தீந்ததும் முளையும் நின்னுடும், பூச்சியும் பூஞ்சணமும் வளர முடியாது, நடுவுல இருக்கற மொத்தத் தானியமும் அப்படியே தூங்கும். குளிர்காலம் தாண்டி வசந்தத்துல திறந்து விதைச்சா நல்லாவே முளைக்குது. மழைத் தண்ணி மட்டும் உள்ள இறங்கக் கூடாது, இறங்கினா எல்லாம் போச்சு.

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஓரத்துல கொஞ்சம் போகட்டும்னு விட்டுட்டு நடுவுல உள்ளதக் காப்பாத்திருக்கான். வெவரமானவன்" அப்படின்னார். ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்கு 2400 வருஷம் தாண்டிக் குடுத்த சர்ட்டிஃபிகேட். அந்த போர்டு முன்னாடி நின்ன அளவுக்கு அவர் லண்டன் டவர்ல கூட நிக்கல.

என்னைக் கேட்டா டேன்பரியோட கதையே அந்தக் குழிங்கதான். சுத்துப்பட்டு ஊர்க்காரங்களோட விதை தானியம், ஸ்பெல்ட் கோதுமையும் பார்லியும், அங்க பத்திரமா இருந்திருக்கு. அடுத்த வருஷ சாகுபடியே அந்த மேட்டுலதான் இருந்துச்சு. அப்போ அந்த அகழியும் கரையும் ராஜாவைப் பாதுகாக்கறதுக்கு இல்ல, ராஜா வீடுன்னு தனியா ஒரு பெரிய மாளிகை கூட அங்க சிக்கல. இன்னொண்ணு, உபயோகம் முடிஞ்ச குழிங்களோட அடியில குதிரைத் தலை, நாய், அண்டங்காக்கை, அரவைக்கல்லு, சில சமயம் மனுஷ உடம்பே வச்சு மூடியிருக்காங்க. விதையைக் காப்பாத்திக் குடுத்த மண்ணுக்கடியில இருக்கற சாமிக்கு வச்ச படையல்னு கன்லிஃப் சொல்றார். எனக்கு இது ரொம்ப இயல்பா படுது. கிமு 100 வாக்குல டேன்பரி வாசல் எரிஞ்சு அதோட ஊர் கிட்டத்தட்ட காலி, அதுக்கு அப்புறம் நூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சுதான் ரோமானியன் வர்றான்.

இதெல்லாம் சொல்றதால அந்தக் காலம் சமத்துவபுரமா இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. டெர்பிஷயர்ல ஃபின் காப்னு ஒரு கோட்டை, 2009-10ல அகழியில கொஞ்ச நீளம் மட்டும் தோண்டிப் பாத்தாங்க, இடிச்சுத் தள்ளின சுவர்க்கல்லுக்கு அடியில பெண்களும் கைக்குழந்தைகளும் கிடந்தாங்க. அந்த இடத்துக்கு நான் ஒரு தடவை போயிட்டு வந்தேன், திரும்பப் போகணும்னு தோணல.

தெற்குல மண்ணுக் கோட்டை, மேற்கயும் வடக்கயும் போனா கல்லு. வேல்ஸ்ல லின் தீபகற்பத்துல ட்ரேர் கெய்ரி. கடலுக்குப் பக்கத்துல செங்குத்தா எழும்பற மலை, மேல சாந்து இல்லாம அடுக்கின கல் மதில் சில இடத்துல ரெண்டு ஆள் உயரத்துக்கு இன்னும் நிக்குது, உள்ள சுமார் 150 கல் வீட்டோட சுவர். இங்க நீங்க நிஜமாவே வாசல்படி தாண்டி ஒருத்தர் வீட்டுக்குள்ள போகலாம். ரோமானியர் காலம் முழுக்க இங்க ஆளுங்க பாட்டுக்குக் குடியிருந்திருக்காங்க. ஏறறதுக்குக் காலு நல்லா இருக்கணும், மேகம் இறங்கிட்டா பத்தடி தெரியாது.

ஸ்காட்லாந்துல இன்னும் வினோதம், கல்லு உருகின கோட்டைங்க. அபர்டீன்ஷயர்ல ரைனி கிராமத்துக்கு மேல டாப் ஓ நாத்னு 560 மீட்டர் மலை. உச்சியில இருக்கற மதிலைக் கிட்டப் போய்ப் பாத்தா கல்லு தனித்தனியா இல்ல, உருகி வழிஞ்சு, குமிழி விட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கு, விரலை வச்சா குமிழி ஓட்டைக்குள்ள நகம் போகுது. கல்லுக்கு நடுவுல மரச்சட்டம் வச்சுக் கட்டின சுவரைக் கொளுத்தினா இப்படி ஆகும், ஆனா சும்மா கொளுத்தினா ஆகாது, 850 டிகிரிக்கு மேல சூடு நிலையா நிக்கணும். 1937ல கார்டன் சைல்டும் தோர்னிகிராஃப்ட்டும் ஒரு மாதிரிச் சுவர் கட்டி எரிச்சு உருகுதுன்னு நிரூபிச்சாங்க. அதுக்கு வண்டி வண்டியா விறகு வேணும், அதனால சண்டையில தற்செயலா பத்திக்கிச்சுன்னு சொன்னா நம்ப முடியல, தோத்தவன் கோட்டையை ஊர் உலகம் பாக்கற மாதிரி ராத்திரி பூரா எரிச்சுக் காட்டியிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது, சுத்தி அம்பது ஊருக்கு அந்த நெருப்பு தெரிஞ்சிருக்கும். அதே மலையில உச்சிக்குக் கீழ, 2020ல விமானத்துல இருந்து லேசர் ஸ்கேன் பண்ணிப் பாத்தப்போ சுமார் 800 குடிசை மேடை தட்டுப்பட்டுச்சு, காலம் கிபி மூணாம் நூற்றாண்டுல இருந்து ஆறாம் நூற்றாண்டு வரைக்கும். ஹெதர் புதருக்கு அடியில ஒரு டவுனே இருந்திருக்கு, அதுக்கு மேலதான் எல்லாரும் நடந்து போயிட்டு இருந்தோம்.

தெற்கு ஸ்காட்லாந்துல பர்ன்ஸ்வார்க் மலை. ரெண்டு பக்கமும் ரோமப்படை முகாம், நடுவுல கோட்டை. அங்க கிடைச்ச ஈயக் கவண்குண்டுல சிலதுல வேணும்னே சின்ன ஓட்டை போட்டிருக்காங்க, எறிஞ்சா காத்துல ஊளையிடும். கேக்கறவனுக்குக் குலை நடுங்கட்டும்னு.

இவ்வளவு வருஷம் தாங்கின இதுங்களுக்கு நம்ம காலத்துலதான் பெரிய சேதம். எடின்பரா பக்கம் ட்ரப்ரெய்ன் லா, 1919ல 20 கிலோவுக்கு மேல ரோமானிய வெள்ளிப் புதையல் கிடைச்ச மலை. அதோட ஒரு மூலையைக் கல் குவாரி 1938ல இருந்து தின்னுடுச்சு, ரோட்டுல போகும்போதே கேக்கை வெட்டி எடுத்த மாதிரி தெரியும், அந்தப் புதையலைத் தனியா கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. அதே பக்கம் பிராக்ஸ்மவுத் கோட்டை 1970கள்ல தோண்டி ஆராய்ச்சி முடிஞ்ச கையோட சிமெண்ட் குவாரிக்குப் போயிடுச்சு, இப்ப அங்க மலையும் இல்ல கோட்டையும் இல்ல. ஷ்ராப்ஷயர்ல ஓல்ட் ஆஸ்வெஸ்ட்ரி கோட்டைக்குப் பக்கத்து வயல்ல வீடு கட்டறதை எதுத்து ஊர்க்காரங்க வருஷக்கணக்கா போராடினாங்க. மலையைத் தொடலையே, பக்கத்துலதானே கட்டறோம்ங்கறது கட்டறவங்க வாதம். மேல நின்னு சுத்திப் பாக்கறதுக்காகவே தேர்ந்தெடுத்த இடத்துல சுத்தி இருக்கறதை மறைச்சா என்ன மிச்சம்னு எனக்குப் புரியல.

போகணும்னு ஆசை வந்திருந்தா டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போங்க. வெயில் சாய்வா விழும்போதுதான் கரையோட நிழல் நீளமா விழுந்து மொத்த அமைப்பும் தெரியும், கோடையில போனா புதர் இடுப்பு வரைக்கும் மூடியிருக்கும், உண்ணி வேற கடிக்கும். மெய்டன் காசில் இலவசம், பாத்துட்டு நேரா டார்செஸ்டர் மியூசியத்துக்குப் போய் அந்த முதுகெலும்பைப் பாருங்க. டேன்பரிக்குப் போனா ஆண்டோவர் மியூசியத்தை விட்டுடாதீங்க. மெட்டல் டிடெக்டர் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, பாதுகாக்கப்பட்ட இடத்துல அனுமதி இல்லாம அதை ஆன் பண்றதே குற்றம். அப்புறம் மழை பெஞ்ச மறுநாள் சுண்ணாம்பு மண்ணு சோப்பு மாதிரி வழுக்கும், ஆபீஸ் ஷூவோட ஏறாதீங்க.